வரிசையில் இருந்த கடிதம்

பிரியாவிடைப் படத்தில் அவர் கழுத்து நிறைய மாலையோடு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்து உத்தியோகத்தர்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறோம். நான் பின்னால், அழுது வீங்கிய முகத்தோடு. படம் எடுத்தது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அதே மனிதர் மேல் டிவிசன் பெரட்டுக் களத்தில் குடையோடு நின்று, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்துக்கொண்டிருந்தார். கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து அவருடைய வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கடிதம் வந்துவிட்டதாம். நாங்கள் அழுததெல்லாம் வீண்.

படத்தைக் கிளப் சுவரில் ஏற்கனவே மாட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு நாலு வருடம் வேலை பார்த்து, வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அந்த நாலு வருடமும் ஊழியர் கூட்டங்களை அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நடத்தினார். மாலை போட்ட படத்துக்குக் கீழே அதே ஆள் உட்கார்ந்து உரக் கணக்குப் பேசுவது எங்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். அவருக்கு ஒன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அவர் எங்கள் தோட்டத்து மனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் எங்கள் பக்கத்தில் மனேஜரைப் பெரியதுரை என்றுதான் சொல்வோம். இவர் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தொழிலாளர் லயத்தில் பிறந்த தமிழர். லயத்தில் பிறந்தவர் துரை பங்களாவில் இருக்கிறார் என்பதில் தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு பெருமை. எனக்கும்தான் இருந்தது. ஒன்பது வருடம் அவருடைய ஆபீசில் கிளார்க்காக இருந்தேன்.

துரைக்குக் கீழே சின்னதுரை, சின்னதுரைக்குக் கீழே மலைவேலையைக் கவனிக்கும் கண்டாக்கு, அவருக்குக் கீழே கங்காணி என்று தோட்டத்தில் ஆள் வைத்திருப்பது வேலையைப் பிரித்துக்கொள்வதற்காக. இவர் நாலு பேர் வேலையையும் தாமே பார்த்தார். மேல் டிவிசன் பெரட்டு முடிந்ததும் ஜீப்பை விரட்டிக்கொண்டு கீழ் டிவிசன் பெரட்டுக்கு ஓடுவார். அவர் வரும்வரை அங்கே இருநூறு பேர் கூடையோடு பனியில் நிற்பார்கள். கண்டாக்கு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "எனக்குச் சம்பளம் நிக்கிறதுக்குத்தான் புள்ள" என்று அவர் என்னிடம் சொல்வது வழக்கம். மழைமானியில் எவ்வளவு தண்ணீர் என்று குனிந்து பார்ப்பதும் பெரியதுரைதான். ஸ்டோரில், அதாவது எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாடியது போதும் என்று டீமேக்கர் சொன்னால், இவர் ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்த்து "இன்னும் அரை மணித்தியாலம்" என்பார். டீமேக்கர் புத்திசாலி. அரை மணித்தியாலம் முன்னாலேயே போதும் என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

பாவம், சின்னதுரைதான். கண்டியிலிருந்து வந்த சிங்களவர், முப்பது வயது இருக்கும், விவசாயம் படித்தவர். வந்த முதல் வருடம் ஓடி ஓடிக் கேட்டார். இரண்டாவது வருடம் கேட்பதை நிறுத்தினார். மூன்றாவது வருடம் போனில் வீடியோ பார்த்துக் கேக் செய்யக் கற்றுக்கொண்டார். என் பிறந்தநாளுக்கு அவர் செய்து கொடுத்த பட்டர் கேக் கடைக் கேக்கைவிட நன்றாக இருந்தது. தேயிலையைப் பற்றித்தான் அவருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விட்டது.

தோட்டத்தில் எதற்கும் துண்டு வேண்டும். லொறி வெளியே போக, கூரைக்குத் தகரம் எடுக்க, லீவு போட, ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்க, எல்லாவற்றுக்கும் ஒரு சிறு காகிதத் துண்டு. நான் எழுதுவேன், அவர் படித்துக் கையெழுத்திடுவார். சுருக்கக் கையெழுத்தெல்லாம் கிடையாது, முழுப்பெயர். சின்னதுரையும் கையெழுத்திடலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அவருடைய கையெழுத்தைக் கண்டால் கேட் வாச்சர், "பெரியதொர பாத்தாரா?" என்று கேட்டு லொறியை நிறுத்திவிடுவார். அப்படியே பழகிவிட்டது.

துண்டுகள் அன்றன்றைக்குப் போய்விடும். கடிதங்கள்தான் தேங்கும். அவர் மேசையில் ஒரு மரத்தட்டு. வருகிற கடிதத்தை நான் அடியில் செருக வேண்டும். அவர் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு சொல் விடாமல் படித்து, தம் கையாலேயே பதில் எழுதுவார். கொழும்பு ஆபீசிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைக்கூட நான் ஒரு தாளில் எழுதித் தட்டின் அடியில்தான் வைக்க வேண்டும். "போன்ல வந்தா மட்டும் முந்திருமா? வரிசையில வரட்டும்" என்பார். கொழும்புக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் நீட்டித்தார்கள். அவர் செய்கிற வேலைக்கு வேறு யாரைப் பிடித்துப் போடுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

இந்த வரிசைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் பத்து மணித் தேத்தண்ணியின்போது அவரே சொன்னார். அவருடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, ஆஸ்பத்திரிக்கு லொறி கேட்டு அப்பா ஆபீஸ் வாசலில் நின்றாராம். அங்கிருந்த பெரிய கிளார்க், தனக்கு வேண்டிய ஒருவனுடைய துண்டை முதலில் உள்ளே கொண்டுபோய்விட்டார்.

"எங்கம்மா துண்டு அடியில போயிருச்சு. லொறி அந்தப் பக்கம் போயிருச்சு" என்றார். சீனி போடாத தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "நடுவுல ஒரு ஆள் இருந்தா, அந்த ஆளுக்குத் தெரிஞ்சவன் காயிதம் மேல வரும் புள்ள. அதான் நடுவுல யாரும் வேணாங்கிறது."

அந்த அம்மா அன்றைக்குப் பிழைக்கவில்லை என்பது பிறகு கண்டாக்கு சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட மனிதரோடு என்னவென்று சண்டை பிடிப்பது?

எங்கள் அப்பாவுக்கு ஒரு கையும் காலும் இழுத்துக்கொண்ட காலையில் டிரைவர் லீவு. பெரியதுரையே ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்கள் கோட்டர்ஸ் வாசலுக்கு வந்து, அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, நுவரெலியா வரை தாமே ஓட்டிவந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கடிதக் கட்டைப் பிரித்தார். ஆபத்தில்லை என்று டாக்டர் வந்து சொல்வதற்குள் பதினொரு கடிதம் முடித்திருந்தார். நான் அழுதுகொண்டே அவர் முடித்த கடிதங்களைக் கவரில் போட்டேன். அன்றைக்கு அவருக்காக உயிரையே கொடுத்திருப்பேன்.

என் முப்பத்து நாலாவது வயதில் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. வயதெல்லை முப்பத்தைந்து. இதை விட்டால் அடுத்த முறை என்ற பேச்சே இல்லை. இன்ன திங்கட்கிழமைக்குள் நுவரெலியாவில் கல்விக் காரியாலயத்துக்கு வந்து பொறுப்பேற்க வேண்டும், தவறினால் நியமனம் ரத்து என்று கடிதத்தில் இருந்தது. கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலில் ஐந்தாவதாக, இப்போதைய சேவையிலிருந்து விடுவிப்புக் கடிதம்.

அப்பா அந்த ஐந்தாவது வரியில் விரலை வைத்துவிட்டார். அவர் பழைய கணக்கப்பிள்ளை. அவருடைய தாத்தா காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரை துண்டு கொடுக்க வேண்டும். துண்டு இல்லாமல் போனவர்களைப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் ஒழிந்து எத்தனையோ தலைமுறை. அப்பாவுக்கு மட்டும் அது ஒழியவில்லை.

"தொர கையெழுத்து இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காத. கோட்டர்ஸும் அவங்க குடுத்ததுதான்" என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். விடுவிப்புக் கேட்டு எழுதி, என் கையாலேயே தட்டின் அடியில் செருகினேன். மேலே எழுபத்திரண்டு கடிதம். கையில் மூன்று வாரம் இருந்தது. நாளுக்கு நாலு போனால் சரியாக வரும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஒரு நாள் ஸ்டோரில் மெஷின் பழுது என்று அங்கே போய்விட்டார். இன்னொரு நாள் மண் சரிந்து ரோட்டை மூடியதும், மண்வெட்டி பிடித்தவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றார். ஒவ்வொரு மாலையும் ஆபீசைப் பூட்டுமுன் தட்டை எண்ணுவேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. அடுத்த நாளும் ஐம்பத்தைந்து.

அவர் என்னைப் போகவிடக் கூடாதென்று நினைத்தார் என்று சொன்னால் அது அநியாயம். "நம்ம ஆபீஸ் புள்ள டீச்சராப் போகுது" என்று இரண்டு பெரட்டிலும் சொன்னவர் அவர்தான். எனக்கு ஒரு பேனை வேறு வாங்கிக் கொடுத்தார்.

கடைசி வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சார், அந்த விடுவிப்புக் கடிதம்..."

"தட்டுல வச்சியா?"

"வச்சேங்க சார்."

"அப்ப வரும்."

"திங்கக்கெழம கடைசி நாளுங்க சார்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோபமில்லை. "இப்ப ஒன்னோடத மேல எடுத்தா, இதுக்கு மேல இருக்கிறவன் என்ன பாவம் பண்ணான்? இந்த ஆபீஸ்ல இருந்துக்கிட்டு நீயே அப்புடிக் கேக்கலாமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரிடம் உள்ள கஷ்டமே அதுதான். கழுத்தை நெரிப்பார், கடைசியில் நமக்குத்தான் குற்றவாளி போல இருக்கும்.

சின்னதுரை இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் மேசைக்கு வந்து மெதுவாக, "மிஸ், நான் சைன் பண்ணித் தாறேன். எனக்கும் அதிகாரம் இருக்குதானே" என்றார்.

"பரவாயில்லைங்க சார், அவரே போடட்டும்" என்றேன். அவருடைய முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆறு வருடத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் போட அவர் தாமாக வந்தார். அதையும் நான் வேண்டாம் என்றேன். கேட் வாச்சரை நான் அதுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நானும் அவரும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை கீழ் டிவிசன் பெரட்டில் பெரியதுரை பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே கல்லில் உட்கார்ந்தார். அந்தக் குளிரில் சட்டை நனைய வியர்த்திருந்ததாம். கண்டாக்கு அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் பறந்தார். கேட்டில் வாச்சர் கையை நீட்டினார். "வண்டிக்குத் துண்டுங்க?"

பின் சீட்டில் படுத்திருந்த பெரியதுரை, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துத் துண்டு எழுதினார். காரணம் என்ற இடத்தில் சுகயீனம் என்று எழுதி, முழுப்பெயரையும் போட்டுக் கொடுத்தார். வாச்சர் அதை வாங்கிப் படித்த பிறகுதான் கேட்டைத் திறந்தாராம். "பழக்க தோஷத்துல கேட்டுட்டேன் புள்ள" என்று பகல் முழுக்க ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதார்.

சனிக்கிழமை கண்டாக்கு போன் பண்ணினார். உயிருக்கு ஆபத்தில்லையாம், ஆனால் தட்டைக் கொண்டுவரச் சொல்கிறாராம். தட்டிலிருந்த கடிதங்களைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். என்னுடையதுக்கு மேலே பத்தொன்பது இருந்தது. அதை உருவி மேலே வைக்க ஒரு நிமிடம் போதும். பஸ்ஸில் யாருக்கும் தெரியாது, அவரும் கண்டுபிடிக்க மாட்டார். ஒன்றரை மணித்தியாலம் கட்டின் முடிச்சில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். கை போகவில்லை. அவருடைய அம்மாவின் துண்டு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

வார்டில் இடது கையில் சேலைன் ஊசி குத்திப் படுத்திருந்தார். தாதி வந்து சத்தம் போட்டார். "இது வேலையில்ல மிஸ்ஸி, சும்மா வாசிக்கிறது" என்றார் பெரியதுரை. பார்வையாளர் நேரம் முடிவதற்குள் ஐந்து கடிதம் முடிந்தது. மிச்சத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். என்னுடையதுக்கு மேலே இன்னும் பதினாலு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை விடுவிப்புக் கடிதம் இல்லாமலே கல்விக் காரியாலயத்துக்குப் போனேன், ஒரு வாரம் தவணை கேட்டுக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று. என் முறை வந்ததும் காகிதங்களை நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, தோட்டத்து வேலையா என்று கேட்டார். விடுவிப்புக் கடிதம் இன்னும் கிடைக்கவில்லை என்று சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"ஏக ஓன நே மிஸ். ஏக ரஜயே அயட்ட விதரய்" என்றார் அவர் தலையை நிமிர்த்தாமலே. அது வேண்டாம், அரசாங்க வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.

நாலு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது ஆத்திரம். மூன்று வாரம் எண்ணியது, அப்பா பட்டினி கிடந்தது, சின்னதுரையை நோகடித்தது, பஸ்ஸில் முடிச்சைப் பிடித்துக்கொண்டு செத்தது, எல்லாம் யாருக்கும் தேவையில்லாத ஒரு கையெழுத்துக்காக. யாராவது ஒருவர் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, அப்பாவுக்குத் தோன்றவில்லை, இத்தனை படித்த அவருக்கும் தோன்றவில்லை. உங்கள் கையெழுத்து யாருக்கும் வேண்டாமாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு மேடு ஏறினேன். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பகல் பார்வையாளர் நேரம். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஊசி இப்போது வலது கையில். என்னைக் கண்டதும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"ஏன் புள்ள இவ்வளவு நேரம்? காலையில முடிச்சு வச்சிருக்கேன். மேல இருந்தது எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் ஒன்னோடதத் தொட்டேன். வரிசைய மாத்தல."

பிரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கம், இடது கையால் எழுதியது. எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்திருந்தன. ஒன்பது வருடத்தில் நான் செய்த வேலையெல்லாம் அதில் இருந்தது, நானே மறந்துபோனவை உட்பட. இவர் இல்லாமல் இந்த ஆபீஸ் நடப்பது கடினம், இருந்தாலும் மகிழ்ச்சியோடு விடுவிக்கிறேன் என்று முடித்து, முழுப்பெயரையும் போட்டிருந்தார்.

"நாலு மணிக்குள்ள குடுத்துரு. இது இல்லாட்டி உள்ள எடுக்க மாட்டாங்க, இல்ல?"

சீவாத தலை. கன்னத்தில் வெள்ளை முடி. அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த ஆவலை நான் அதற்கு முன் கண்டதில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது தொண்டை வரை வந்தது.

"எடுக்க மாட்டாங்க சார்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். திருப்தியாக இருந்தது அவருக்கு. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "நீ போனா துண்டெல்லாம் யாரு எழுதுறது?" என்று கேட்டார்.

"சின்னதொர எழுதுவாருங்க சார்."

"அவருக்கு எங்க தமிழ் எழுத வரும்?" ஊசி குத்திய கையை மெல்ல நீட்டிக் கடிதக் கட்டிலிருந்து அடுத்ததை எடுத்தார். "பரவால்ல. நானே எழுதிக்கிறேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சார், இது யாருக்கும் வேண்டாமாம், இதைப் போல இன்னும் எத்தனை வேண்டாததோ, விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாறேங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் வட்டவளைக்கும் பஸ் நின்றது, எங்கள் தோட்டத்துக்கும் பஸ் நின்றது. எதிலும் ஏறாமல், நாலு மணியாகும் வரை அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.